யூஜினா நடித்த ஒரு நிமிடம்

யூஜினா அக்காவை இணையத்தில் தேடினால் ஒரு நிமிட வீடியோ ஒன்றுதான் வரும். அதை இலட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்களில் அவரை நேரில் தெரிந்தவர்களை எண்ணினால் ஒரு பஸ் நிறையாது. எனக்கு அவரை நன்றாகத் தெரியும். அதனால் எழுதுகிறேன். இதை அத்தனை பேர் வாசிக்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும், ஆனாலும் மனம் கேட்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் இரத்தம், சிறுநீர் பரிசோதிக்கிற தனியார் லாப் ஒன்று இருக்கிறது. பெயர் எதற்கு? அதன் முன் கவுண்டரில் யூஜினா அக்கா இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். நான் பின்னறையில் ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறவள். வெள்ளவத்தையிலிருந்து பஸ் மாறி வருகிறவள். என் மேசைக்கும் கவுண்டருக்கும் நடுவில் கண்ணாடித் தட்டி ஒன்றுதான். அவர் பேசுகிறது முழுக்க எனக்குக் கேட்கும். ஒரு காலத்தில் அது எனக்குத் தொந்தரவாக இருந்தது. பிறகு அவர் லீவு எடுக்கும் நாட்களில் எனக்கு வேலை ஓடாமல் போயிற்று.

லாப்பில் விடியற்காலைக் கூட்டம் பொல்லாதது. சீனி பார்க்க வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வருவார்கள். பசித்த மனிதனுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். யூஜினா அக்கா அவர்களை உறவு சொல்லியே அடக்கிவிடுவார். எந்த முஸ்லிம் அண்ணனை நாநா என்பது, எந்த முஸ்லிம் அக்காவைத் தாத்தா என்பது, எந்தச் சிங்கள அம்மாவை அக்கே என்றால் பிடிக்காது, எந்தச் சிங்கள அய்யேயிடம் கிரிக்கெட் பேச வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும். முக்கியமாக, அவர் ஏசுவார். நேற்று இரவு தொதல் இனிப்புத் தின்றுவிட்டு வந்திருக்கும் மாமிகளை முகத்தைப் பார்த்தே பிடித்து, ஊர் கேட்க ஏசுவார். மாமிகள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். ஏசவில்லை என்றால்தான் அவர்களுக்குக் குறை.

தலைமை அலுவலகத்தில் மேற்பார்வை வேலை தருகிறோம் என்று இரண்டு தடவை கேட்டார்கள். அவர் போகவில்லை. கணவர் றேமண்ட் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அவரும் போகச் சொல்லிப் பார்த்தார். “எனக்கு இந்தக் கதிரை போதும் மணி. நாலு சனத்துட முகத்தப் பாக்காட்டி எனக்கு விசர் புடிச்சிரும்” என்றார் யூஜினா அக்கா என்னிடம். மணி என்பது நான்தான், சிவமணி.

அந்தக் கதிரையைத்தான் அவரிடமிருந்து பறித்தார்கள். ஒரு பயிற்சி வீடியோவை வைத்துப் பறித்தார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

முன்பெல்லாம் எங்களுக்குப் பயிற்சி என்றால் ஒரு ஹோட்டல் மண்டபம், ஒரு நாள் முழுக்க. கோட் போட்ட ஒருவர் வந்து திரையில் படம் காட்டுவார். பத்து மணிக்கு ரோல்ஸ், பற்றிஸ். மதியம் பஃபே. பிற்பகலில் பாதிப்பேர் தூங்குவோம், கடைசியில் சான்றிதழ் தருவார்கள். என்ன படித்தோம் என்று கேட்டால் இறால் நன்றாக இருந்தது என்போம். இது நிறுவனத்துக்குச் செலவு, எங்களுக்கு விருந்து. செலவைக் குறைக்க நினைத்த தலைமை அலுவலகம் கிஷாந்த் என்ற இளம் பயிற்சி அதிகாரியை நியமித்தது. நல்ல பிள்ளை. அதையும் சொல்லத்தான் வேண்டும், இந்தக் கதையில் கெட்டவன் என்று கைகாட்ட ஒருவருமே இல்லை, அதுதான் எனக்குள்ள எரிச்சல்.

கிஷாந்த் கொண்டுவந்தது சின்னச் சின்ன வீடியோக்கள். நிறுவனத்தின் செயலியைப் போனில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கிழமையும் ஒரு நிமிட வீடியோ வரும், அதன் கீழே ஒரு கேள்வி வரும். பஸ்ஸில் இருந்தும் பார்க்கலாம், தேத்தண்ணீர் குடித்துக்கொண்டும் பார்க்கலாம். “இப்ப ஆக்களுக்கு ஒரு நிமிசத்துக்கு மேல ஒண்டையும் பார்க்கேலாது அக்கா” என்று அவன் சொன்னான். அது உண்மை. நானே பஃபேயை நினைத்துப் பெருமூச்சு விட்டபடி அந்த வீடியோக்களைப் பார்த்து ஒன்றிரண்டு நல்ல விஷயம் படித்திருக்கிறேன்.

முதலில் வந்தவை இந்தியாவிலும் அமெரிக்காவிலும் எடுத்தவை. எங்கள் சனத்துக்கு ஒட்டவில்லை. எங்கள் ஆட்களை வைத்து, எங்கள் கவுண்டரிலேயே எடுப்போம் என்று கிஷாந்த் யோசித்தான். வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசக்கூடாது என்று ஒன்று, எப்படிப் பேச வேண்டும் என்று இன்னொன்று. நடிக்க யார் இருக்கிறீர்கள் என்று அவன் கேட்டபோது எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

யூஜினா அக்கா தன் கோயிலில் பெரிய வெள்ளிக்கு முன் போடும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்தில் சின்ன வயதிலிருந்து நடிப்பவர். மாதா வேஷம் அவருக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. குரல் அப்படி. தீக்காயும் இடத்தில் பேதுருவைப் பார்த்து நீயும் அவனோடு இருந்தவன்தானே என்று கேட்கிற வேலைக்காரிதான் அவருக்கு வாய்த்த வேஷம். ஒரு வரி வசனம். அந்த ஒரு வரியில் முன்வரிசைப் பிள்ளைகளை அழவைத்துவிடுவார் என்று ஜம்பட்டா வீதியில் சொல்வார்கள். கூட்டத்தில் நின்று சிலுவையில் அறையும் என்று கத்துவதற்கும் அவரைத்தான் முன்னால் விடுவார்கள். கெட்டவளாக நடிப்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. நல்லவள் வேஷத்தை யாரும் போடலாம், சனம் திட்டினால்தான் அது நடிப்பு என்பார்.

நோயாளி வேஷத்துக்கு எவ்லின் அன்ரி வந்தார். லாப்பில் தேத்தண்ணீர் போட்டுக் கூட்டித் துடைக்கிறவர், அதே கோயில், அதே நாடகக் குழு. ஒரே மேடையில் நடித்த இரண்டு பேரிடம் கமராவைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று கிஷாந்துக்குத் தெரியாது. அவன் இந்து, பாஸ்கு பார்த்ததே இல்லை.

எழுதிக்கொடுத்த வசனம் சப்பென்று இருந்தது. தலையை நிமிர்த்தாமல், காத்திருங்கள் என்று சொல்ல வேண்டும். யூஜினா அக்கா போனைப் பார்த்தபடி தன்பாட்டில் வேறொன்று சொன்னார்: “வயசு போனா கண்ணும் போயிருமா? அங்க எழுதிப் போட்டிருக்குதானே. சும்மா கரைச்சல் குடுக்காம போய் இருங்க.” எவ்லின் அன்ரி சும்மா விடுவாரா? கையிலிருந்த பில்லைக் கீழே போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பொறுக்கி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நிஜக் கண்ணீர். நாங்கள் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்தோம். கிஷாந்த் கைதட்டினான். உண்மை போல இருக்கட்டும் என்று அவன் மூலையில், கூரைக்குப் பக்கத்தில் போனைக் கட்டி எடுத்திருந்தான். பார்த்தால் சிசிரிவி கமராவில் பதிவானது போலவே இருந்தது.

அடுத்தது நல்லவள் வீடியோ. அதில் யூஜினா அக்கா தன்னுடைய வழக்கப்படி மாமி, சீனி கூடிட்டுதா என்று தொடங்கினார். கிஷாந்த் நிறுத்தினான். அது தொழில்முறை இல்லையாம். உறவு சொல்லக்கூடாது, பல் தெரியச் சிரித்து, காலை வணக்கம், நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம் என்று கேட்க வேண்டும். அந்த வசனம் அவருக்கு வாயில் வரவேயில்லை. பலமுறை எடுத்தும் மரப்பாவை பேசுவது மாதிரித்தான் இருந்தது. நேரம் போய்விட்டது, போதும் என்று விட்டார்கள்.

இரண்டும் செயலியில் ஏறின. ‘செய்யக்கூடாதது’ என்ற தலைப்பு செயலியில்தான் இருந்தது, வீடியோவுக்குள் இல்லை. அந்த ஒரு சின்ன விஷயத்தில் எல்லாம் கவிழ்ந்தது. எந்தக் கிளையில் யார் அதை இறக்கி வெளியே அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. வேடிக்கைக்கு அனுப்பியிருப்பார்கள். கொழும்பு அநியாயங்கள் என்கிற மாதிரியான ஒரு பக்கம் அதை எடுத்துப் போட்டது: கொட்டாஞ்சேனையில் ஒரு லாப்பில் வயதான தாய்க்கு நடந்த கொடுமை, பகிருங்கள்.

பகிர்ந்தார்கள். கனடாவிலிருந்து ஒருவர் இவளுக்குச் செருப்பால் அடிக்க ஆளில்லையா என்று எழுதினார். லண்டனிலிருந்து ஒரு பெண் அந்தத் தாயின் வங்கிக் கணக்கைக் கேட்டார். யூஜினா அக்காவின் வளர்ப்பைப் பற்றி, சாதி சமயத்தைப் பற்றி, அவர் வாயைப் பற்றி, முகத்தைப் பற்றி எழுதியதையெல்லாம் வாசித்து முடிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் என்றால் பரவாயில்லை, இது உலகம்.

முதல் இரண்டு நாள் யூஜினா அக்காவுக்குக் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. சனம் நம்புகிற அளவுக்கு நடித்திருக்கிறேன் என்றார். மூன்றாம் நாள் ஒருவன் இரத்தம் கொடுக்க வந்த மாதிரி வந்து, போனை முகத்துக்கு நேரே பிடித்து, அம்மாவை ஏசினது நீதானே என்று கேட்டான். அவர் விளக்கம் சொல்லப் போனார். அது பயிற்சிக்கு எடுத்தது தம்பி, நான் நடிச்சது, வேண்டுமென்றால் அந்த அம்மாவையே கேளுங்கள், இங்கேதான் வேலை செய்கிறா என்று எவ்லின் அன்ரியைக் கூப்பிட்டார். எவ்லின் அன்ரி தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து நின்றார். அன்று பின்னேரம் அந்த வீடியோவும் ஏறியது: பாதிக்கப்பட்ட தாயையே தேத்தண்ணீர் போடும் வேலைக்கு வைத்து வாயை அடைத்துவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

கிஷாந்த் நல்லவள் வீடியோவைப் பொதுவில் போட்டுப் பார்த்தான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், இது பயிற்சி என்று கெஞ்சாத குறையாக எழுதினான். வந்த பதில்களை மறக்க முடியாது. பிடிபட்ட பிறகு எடுத்தது. முகத்தைப் பாருங்கள், எவ்வளவு பொய். இதற்குப் பெயர்தான் நடிப்பு. நடித்ததை உண்மை என்றார்கள், அடுத்ததும் நடித்ததுதான், அதைப் பொய் என்றார்கள். இரண்டிலும் இல்லாத யூஜினா அக்காவை யாரும் படம் பிடித்திருக்கவில்லை. இருபது வருடம் அவர் அந்த மாமிகளை ஏசிச் சிரிக்க வைத்ததற்கு ஒரு விநாடிப் பதிவுகூடக் கிடையாது.

கோயிலில் பங்குச் சுவாமி பூசை முடிவில் சொன்னார், நமது சகோதரியை யாரும் தவறாக நினைக்க வேண்டாம் என்று. கோயிலில் இருந்தவர்களுக்கு அது முன்பே தெரியும். தெரிய வேண்டியவர்கள் கோயிலுக்கு வருகிறவர்களில்லை. றேமண்ட் அண்ணன் யாரையாவது அடிக்க வேண்டும் என்று துடித்தார். யாரை அடிப்பது?

தலைமை அலுவலகத்தில் கூட்டம் வைத்தார்கள். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையிலிருந்து ஒரு சட்டத்தரணியும் வந்திருந்தார். அவர் சொன்னதைக் கிஷாந்த் பிறகு எங்களிடம் தலைகுனிந்தபடி சொன்னான். பயிற்சிக்காக எடுத்தது என்று சொன்னால் நிறுவனம் பொய் சொல்கிறது என்பார்கள், கதை இன்னும் ஒரு மாதம் ஓடும். வருந்துகிறோம் என்று சொன்னால் சனத்துக்குத் திருப்தி, இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். அப்படியே அறிக்கை வந்தது. சம்பந்தப்பட்ட ஊழியர் வாடிக்கையாளர் சேவையிலிருந்து நீக்கப்பட்டுப் பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டுள்ளார், மனம் புண்பட்ட அனைவரிடமும் மன்னிப்புக் கோருகிறோம்.

செய்யாத குற்றத்துக்கு அவருக்காக நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. சட்டத்தரணி சொன்னது சரியாகவே நடந்தது, அதுதான் இன்னும் வயிறெரிகிறது. இரண்டு நாளில் எல்லோரும் மறந்தார்கள். நீதி கிடைத்துவிட்டது, நன்றி என்று அந்தப் பக்கம் எழுதியது.

“நான் சொன்னனான் அக்கா, அவை கேக்கேல்ல” என்றான் கிஷாந்த். அவன் கண் கலங்கியிருந்தது. யூஜினா அக்கா அவனுக்கு ஆறுதல் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் கைப்பையையும் கதிரையில் போட்டிருந்த சின்ன மெத்தையையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். இரத்தக் குழாய்களில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. ஒவ்வொரு குழாயிலும் ஒரு பெயர். இது ஜெயசீலியா, கால் வீக்கம் எப்படியோ, இது நசீர் நாநா, இந்த மாதம் பிந்திட்டார் என்று பெயரைப் பார்த்து மெல்லக் கதைத்தபடி ஒட்டுவார். கொஞ்ச நாள் போனதும் அதையும் நிறுத்திவிட்டார். கவுண்டரில் சாருஜா என்ற புதுப் பிள்ளை இருந்தாள். வீடியோ பார்த்துப் பழகிய பிள்ளை. காலை வணக்கம், நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம் என்ற குரல் விடியற்காலையிலிருந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பக் கவுண்டருக்குப் போக என்ன வழி என்று யூஜினா அக்கா கிஷாந்திடம் கேட்டார். அவருக்கு ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம்தான் இருந்தது. அந்த மூன்று வருடத்தையும் குழாய்களோடு கழிக்கத் தன்னால் ஏலாது என்று அவர் சொன்னபோது, இருபது வருடத்தில் முதல்தடவையாக அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. வழி இருந்தது. முறைப்பாடு வந்த ஊழியர் எவரும் இன்முகச் சேவை என்ற பாடத்தொகுதியை முடித்தால் கவுண்டர் அனுமதி தானாகத் திறக்கும். முடிக்காவிட்டால் யார் நினைத்தாலும் திறக்க முடியாது, செயலியை அப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரங்களில் என் பக்கத்தில் இருந்து பார்த்தார். கண்ணைப் பார்த்துப் பேசுதல், குரலைத் தாழ்த்துதல், பொறுமை. சோற்றுப் பார்சலை விரித்து வைத்தபடி ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் அமத்திக்கொண்டே போனார். கடைசி வீடியோ திறந்தது. அதில் அவர்தான் இருந்தார். தலையை நிமிர்த்தாமல், வயசு போனா கண்ணும் போயிருமா என்று கேட்டுக்கொண்டு.

இப்போது அதற்குள்ளே பெரிய எழுத்தில் ‘செய்யக்கூடாதது’ என்று போட்டிருந்தார்கள்.

கீழே கேள்வி: இந்த ஊழியரைப் பற்றிய சரியான கூற்று எது? யூஜினா அக்கா முதலில், அவருக்கு வேலைப்பளு அதிகம் என்பதை அமத்தினார். சிவப்பு. பிறகு, அவர் வாடிக்கையாளரைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பதை. அதுவும் சிவப்பு. மிச்சம் இருந்தது ஒன்று. அவர் வாடிக்கையாளர் சேவைக்குப் பொருத்தமற்றவர்.

சோறு அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. “மணி, நீ அமத்து. எனக்கு ஏலாது” என்று போனை என் பக்கம் தள்ளினார். எனக்கும் ஏலவில்லை. திரும்பத் தள்ளினேன். இவர் நடிக்கிறார் என்று ஒரு பதில் அங்கே இருந்திருக்கலாம். இல்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அவரே அமத்தினார். பச்சை விழுந்தது. திரை முழுக்க வண்ணக் கடதாசித் துண்டுகள் கொட்டின. வாழ்த்துகள் யூஜினா, நீங்கள் தேறிவிட்டீர்கள். அந்தப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல எனக்கு இருந்தது. அது அவருடைய போன்.

திங்கட்கிழமை அவரைக் கவுண்டரில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மெத்தையைக் கதிரையில் போட்டு, தலையைச் சீவி, கழுத்தில் அட்டையை மாட்டி இருந்தார். ஒரு நிபந்தனை இருந்தது. மேலே உண்மையான கமரா பூட்டியிருந்தார்கள், குரலும் பதியும். பயிற்சியில் சொன்னபடிதான் பேச வேண்டும். இன்னொரு முறைப்பாடு வந்தால் பேச்சில்லை.

வரிசையில் முன்னால் வந்தவர் புளூமெண்டல் வீதிப் பக்கத்து மாமி ஒருவர், மகன் பெயரை வைத்துப் புஷ்பராஜின் அம்மா என்போம். மாதாமாதம் சீனி பார்க்க வருகிறவர். யூஜினா அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்து, இத்தனை நாள் எங்கே போனாய், உன்னைத் தேடினேன், கலியாண வீட்டில் தொதல் தின்றுவிட்டேன், ஏசாதே என்று ஒரே மூச்சில் சொல்லிக் கவுண்டரில் சாய்ந்தார்.

நான் தட்டச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன்.

மாமிக்குப் பின்னால் ஒரு பையன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வேறு ஏதாவது பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். யூஜினா அக்கா அவனைப் பார்த்தார், மேலே கமராவைப் பார்த்தார், பிறகு பல் தெரியச் சிரித்தார். “காலை வணக்கம். நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?”

மாமி விளங்காமல் நின்றார். “என்ன மகள், என்னோட கோவமா?”

“இல்லை. உங்கள் பில்லைத் தாருங்கள்.”

மாமி பில்லை நீட்டினார். இரத்தம் கொடுத்தார். திரும்பும்போது கவுண்டர் பக்கம் ஒருதரம் பார்த்தார், யூஜினா அக்கா அடுத்த ஆளிடம் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் எவ்லின் அன்ரி நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, கவுண்டர்வரை கேட்கிற குரலில் சொன்னார்: “அந்த வீடியோவ எல்லாரும் காட்டின நேரம் நான் நம்பல்ல தெரியுமா. சண்டை பிடிச்சனான். இப்பதான் விளங்குது, அவ அப்பிடித்தான்.”

எவ்லின் அன்ரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், மாமி நிற்கவில்லை. யூஜினா அக்காவுக்கு அது கேட்டது. எழுந்து ஓடி மாமியைப் பிடித்திருக்கலாம், ஒரு ஏச்சு ஏசியிருந்தாலே போதும். அவர் எழும்பவில்லை. பையனின் பில்லை வாங்கிக் கணினியில் இலக்கத்தைத் தட்டினார், தட்டும்போது கை பிழைத்து, அழித்துவிட்டுத் திரும்பத் தட்டினார்.